பெரியம்மாவுக்கு மீசை முளைத்த வாரம்

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கேள்விப் பெட்டியைத் திறப்பது டீச்சருக்குப் பத்து வருடப் பழக்கம். உண்மையில் அவர் இப்போது டீச்சர் இல்லை. மீன் காட்சியகத்தின் கல்வி மேலாளர். அறைக் கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் பதினான்கு வருடம் பள்ளியில் அறிவியல் எடுத்துவிட்டு வந்தவர் என்பதால், டிக்கெட் கிழிப்பவரில் இருந்து டைரக்டர் வரை எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

பெட்டி அவருடைய யோசனை. வெளியே போகும் வழியில், சுவரில் திருகி வைத்த ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் அட்டைகள், கயிற்றில் கட்டிய பென்சில். அட்டையில் மூன்றே கோடு: பெயர், வகுப்பு, கேள்வி. ஒவ்வொரு வாரமும் பதில்களை எழுதிப் பக்கத்துப் பலகையில் குத்தி வைப்பார். பலகையின் தலையில், முதல் வருடம் அவர் கையாலேயே எழுதிய வரி இன்னும் இருக்கிறது: ‘பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வோம்.’

அந்தப் பெட்டிக்குத்தான் இப்போது ஆயுசு முடியப் போகிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுத் தலைவி வருகிறார். அந்த இடத்தில் ஒரு பெரிய தொடுதிரையைத் திறந்து வைக்கிறார். மீன் படத்தைத் தொட்டால் திரை பேசும். நூறு கேள்வி, நூறு பதில். பதில்களை எழுதியதும் டீச்சர்தான், பேசிப் பதிவு செய்ததும் அவர் குரல்தான். சொந்தக் கையாலேயே சொந்தக் கண்ணில் குத்திக்கொண்ட கதை.

“பெட்டியும் ஓரமா இருக்கட்டுமே சார்” என்று கேட்டுப் பார்த்தார்.

டைரக்டர் நல்ல மனிதர். வயதில் சின்னவர், குரல் உயர்த்த மாட்டார். “டீச்சர், பத்து வருஷ அட்டையும் நீங்களே எடுத்துப் பாருங்க. சுறா கடிக்குமா, மீன் தூங்குமா. திரும்பத் திரும்ப அதே கேள்விதான். நூறு பதில் தாராளம்.”

“நூத்தி ஒண்ணாவது கேள்வி வந்தா?”

“அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பான்னு கூப்பிடலாம். முதல்ல முளைக்கட்டும் டீச்சர்” என்று சிரித்தார்.

டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் சிக்கல்.

அந்தத் திங்கட்கிழமை பெட்டியில் நாற்பது அட்டை இருந்தது. ‘சுறாவுக்குப் பல்வலி வருமா?’ ‘மீன் ஒண்ணுக்குப் போய்ப் போய்த்தான் கடல் உப்பாச்சா?’ ‘திருக்கை மீன் ஏன் எங்க கணக்கு சார் மாதிரி சிரிக்குது?’ நடுவில் ஒன்று, கோணல் மாணலான எழுத்தில். பெயர் இல்லை. வகுப்பு என்ற இடத்தில் ‘ஐஞ்சு வரை’ என்று இருந்தது. கேள்வி இது: ‘பெரியம்மாவுக்கு என்ன ஆச்சு? முன்ன மாதிரி இல்லை. கலர் மாறுது. சின்னதுங்க பின்னாடி சுத்துது. பெரியம்மா பெரியம்மாதானா?’

பெரியம்மா என்பது ஆறாம் தொட்டியில் இருக்கும் களவா மீன். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சேற்று நிறம், உடம்பெல்லாம் பழுப்புப் பொட்டு, தடித்த உதடு. பிள்ளைகள் வந்தால் கண்ணாடிக்கே வந்து நின்று, ‘இது யார் வீட்டுப் புள்ள, இப்படி இளைச்சுப் போச்சு?’ என்பதுபோல ஏற இறங்கப் பார்க்கும். அதனால் அந்தப் பெயர். கூட நாலு சின்னப் பெண் களவா. முன்பு ஒரு பெரிய ஆண் களவாவும் இருந்தது. பாறைப் பொந்தை விட்டு வெளியே வராது, வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் அங்கேயே வர வேண்டும். அதற்கு ஜமீன் என்று பெயர். போன வருடக் கடைசியில் வயதாகிச் செத்துப் போனது.

டீச்சர் அட்டையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு மூன்று பேருந்து நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். பயிற்சித்தாள் இன்னும் அச்சாகவில்லை. வழிகாட்டிகளில் ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. நட்சத்திர மீனை இரண்டு விரலால் மட்டும் தொட வேண்டும் என்று யாராவது நூற்றிருபது தடவை சொல்லியாக வேண்டும். எனவே உட்கார்ந்த இடத்திலேயே எழுதினார்: ‘கண்ணா, பெரியம்மா நன்றாக இருக்கிறார். வயதாவதால் நடவடிக்கையில் சிறு மாற்றம் இருக்கலாம். கவலைப்படாமல் நன்றாகப் படி.’

அடுத்த திங்கட்கிழமை அதே கோணல் எழுத்து வந்தது.

‘பதில் தப்பு. வயசானா மூலையில உக்காரும், துள்ளாது. போர்டுல பார்த்துட்டுதான்னு எழுதியிருக்கு. வந்து பார்த்தீங்களா? அப்புறம், என்னைக் கண்ணான்னு கூப்பிட வேண்டாம்.’

வகுப்பு: ஐஞ்சு வரை.

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆறாம் தொட்டிக்கு முன்னால் கடைசியாக எப்போது நின்றோம் என்று யோசித்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த வழியாகப் போகிறார். போவது வேறு, நிற்பது வேறு.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினார். “ஒரு அஞ்சாங்கிளாஸ் புள்ள என்னைக் கேள்வி கேட்டுடுச்சுங்க. நான் மீனைப் பார்க்கிறதே இல்லையாம்.”

வீட்டுக்காரர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். “என்னைப் பார்க்கிறியா?”

“உங்களுக்கு என்ன?”

“மீசையை எடுத்து நாலு நாளாச்சு.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஆமாம். இருபத்திரண்டு வருடமாக அங்கே இருந்தது இல்லை.

“சொல்லக் கூடாதா?”

“நீ எத்தனை நாள்ல கண்டுபிடிக்கிறேன்னு பார்த்தேன். மீனு பாவம், அதுக்குச் சொல்லவும் வாய் இல்ல.”

மறுநாள் ஏழரை மணிக்கே டீச்சர் காட்சியகத்தில் இருந்தார். கூடத்தில் இன்னும் இருட்டுதான். மோட்டார் சத்தம் மட்டும். ஆறாம் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஒருவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். காட்சியகத்தில் இருக்கும் இருபத்தெட்டு கண்ணாடியும் தினமும் அவர் கைதான். எல்லோருக்கும் கண்ணாடி அக்கா.

“என்ன டீச்சர், கடிகாரம் ஓடலையா?”

“ஒரு புள்ள ஒரு கேள்வி கேட்டிருக்கு அக்கா. அதான் பார்த்துட்டுப் போகலாம்னு.”

“ஓ.” அக்கா ஸ்டூலை விட்டு இறங்கி, அதைத் தன் முந்தானையால் ஒரு துடை துடைத்து டீச்சர் பக்கம் தள்ளினார். “உக்காருங்க. விளக்கு போட்டதும் பத்து நிமிஷம்தான் ஆட்டம். அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கும். நீங்க வர்ற நேரத்துக்கு அது நல்ல புள்ள.”

எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தொட்டி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பெரியம்மா பாறைப் பொந்தில் இருந்து வந்தது. ஜமீன் இருந்த அதே பொந்து. டீச்சர் அதை முதலில் கவனித்தார். பிறகு அதன் முகம் மெல்லக் கறுத்தது. யாரோ உள்ளிருந்து மை ஊற்றுவது போலக் கன்னத்தில் தொடங்கிப் பாதி உடம்பு வரை. சின்ன களவா ஒன்றின் பக்கத்தில் போய், உடம்போடு உடம்பு ஒட்டி, கிடுகிடுவென்று நடுங்கியது. சின்னது விலகிப் போனது. பெரியம்மா அடுத்ததிடம் போனது. மறுபடி அதே நடுக்கம்.

“இதைத்தான் சொன்னேன்” என்றார் அக்கா. “ஜமீன் இப்படித்தான் பண்ணும். அது போய் ரெண்டு மாசம் கழிச்சு இது ஆரம்பிச்சுது. முதல்ல பொந்தைப் பிடிச்சுது. அப்புறம் அதிகாரம். இப்போ இந்த வேலை.”

டீச்சர் திரும்பினார். “அக்கா, ‘இதைத்தான் சொன்னேன்’னா? யார்கிட்ட சொன்னீங்க?”

அக்கா வாளியைப் பார்த்தார்.

“ஐஞ்சு வரைன்னா...”

“அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்னு அர்த்தம். கார்டுல வகுப்பு கேட்டீங்க, இருக்கிறதை எழுதினேன். எனக்கு அம்பத்திரண்டு வயசு. நீங்க என்னைக் கண்ணான்னு எழுதி ஊருக்கே ஒட்டி வெச்சிருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு வாரமா ‘கண்ணா, டீ போடு’ங்கிறார்.”

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பெரியம்மா கண்ணாடிக்கு வந்து, கறுப்பெல்லாம் கலைந்து, வழக்கம்போல ஏற இறங்கப் பார்த்தது.

“நேர்லயே கேட்டிருக்கலாமே அக்கா?”

“முக்குளிப்பான்கிட்ட கேட்டேன். ‘உங்க வேலையைப் பாருங்க’ன்னான். என் வேலையே இதைப் பார்க்கிறதுதானே? தினம் இருபது நிமிஷம் இது மூஞ்சிக்கு நேரா நிக்கிறேன்.”

முக்குளிப்பான் என்பது தொட்டிக்குள் இறங்கி மீனைப் பராமரிக்கும் தம்பி. டீச்சர் அவனைப் பின்கட்டில் பிடித்தார். அவன் வாளியில் கணவாய்த் துண்டுகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான்.

“தம்பி, களவா எல்லாம் பிறக்கும்போது பொண்ணுதானே?”

“அப்படித்தான் டீச்சர். வளர்ந்து பெரிசான பிறகு சிலது ஆணா மாறும். குழுவுல இருக்கிற ஆண் போயிடுச்சுன்னா...” அவன் கை நின்றது. கண்ணை மூடித் திறந்தான். “ஐயோ.”

“அதான் நானும் ‘ஐயோ’ன்னு வந்திருக்கேன்.”

“தினமும் உள்ள இறங்குறேன் டீச்சர். நான் இறங்குனா சாப்பாட்டுக்கு வாயைத் திறந்துட்டு நிக்கும். வேற எதையும் காட்டினதே இல்ல.”

டீச்சர் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித்தாள், ஏழாம் பக்கம், நாலாவது கேள்வி: ‘சில மீன்கள் வளர்ந்தபின் பால் மாறும். சரியா, தவறா?’ எட்டு வருடமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் ‘சரி’ என்று டிக் அடித்த கை அவருடையது. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது இதுதான் போலிருக்கிறது.

வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அதையும் தாண்டி ஒன்று மனதில் குறுகுறுத்தது. பள்ளிக்கூடத்தில் முதல் முதலாக நுண்நோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்த நாளில் அப்படி இருந்தது. புதன்கிழமையும் ஏழரைக்கு வந்தார். நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அக்கா இரண்டாவது ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். கறுப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை நொடி நிற்கிறது, நாலு சின்னதில் எதன் பக்கம் அதிகம் போகிறது என்று எழுதினார்கள். டீச்சர் கடிகாரம் பார்க்க, அக்கா சொல்லச் சொல்ல.

“வால்ல கீறல் இருக்கே, அதுகிட்ட மூணு தடவை. பயந்தாங்கொள்ளிகிட்ட ஒண்ணு.”

“எது பயந்தாங்கொள்ளி?”

“நாலும் ஒண்ணுன்னு நினைச்சீங்களா? சரியாப்போச்சு.”

வியாழக்கிழமை மாதாந்தர உடல் பரிசோதனை. மீன் டாக்டர் வந்தார். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் பெரியம்மாவை மல்லாக்கப் பிடித்தார்கள். டீச்சர் கேட்டுக்கொண்டபடி டாக்டர் இந்தத் தடவை அடிவயிற்றையும் மெல்ல வழித்தார். டீச்சரும் அக்காவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டு வந்தது. பால் மாதிரி வெள்ளை.

டாக்டர் அதைக் கண்ணாடித் துண்டில் எடுத்து நுண்நோக்கியில் வைத்தார். “வாங்க, பாருங்க. உயிரணு. நீந்துது. சந்தேகமே இல்ல, ஆண்தான்.”

முதலில் டீச்சர் பார்த்தார். பிறகு அக்காவை முன்னால் தள்ளினார். அக்கா ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“எத்தனை! சந்தைக்கூட்டம் மாதிரி ஓடுதுங்க.” பிறகு நிமிர்ந்து, “களவாணி” என்றார் மீனைப் பார்த்து. “பேரு களவான்னு சும்மாவா வெச்சாங்க? பத்து வருஷம் பெரியம்மா வேஷம் கட்டியிருக்கு.”

“வேஷம் இல்ல அக்கா. அப்போ நிஜமாவே பெரியம்மாதான். இப்போ பெரியப்பா.”

அன்று மதியமே டீச்சர் பழைய பதிலைப் பலகையில் இருந்து எடுத்துவிட்டுப் புதியதைக் குத்தினார். ‘போன வாரம் நான் எழுதிய பதில் தப்பு. பார்க்காமல் எழுதினேன். கேள்வி கேட்டவர் சரியாகப் பார்த்திருக்கிறார்’ என்று தொடங்கி, நடந்ததை எல்லாம் எழுதி, நோட்டுப் புத்தகத்தில் வரைந்த படத்தையும் பக்கத்தில் வைத்தார்.

ஒரு மணி நேரத்தில் டைரக்டர் வந்துவிட்டார். பலகையை இரண்டு தடவை படித்தார்.

“அற்புதம் டீச்சர். நிஜமா. ஆனா நாளைக்குத் தலைவி வர்றாங்க. திரையில பெரியம்மா பொண்ணுன்னு உங்க குரலே பேசுது. அதைத் திருத்த ஒரு வாரம் ஆகும். இந்த அட்டையை ஒரு நாள் மட்டும் எடுத்து வெச்சுக்கலாமே?”

“ஒரு நாள்தானே” என்ற சொல் டீச்சரின் நாக்கு நுனி வரை வந்தது. பெட்டியை எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள். எதற்கு வம்பு? அப்போதுதான் பலகையின் தலையில் இருந்த தன்னுடைய கையெழுத்து கண்ணில் பட்டது.

“சார், இந்த அட்டையை எடுக்கணும்னா மேல இருக்கிற வரியையும் எடுக்கணும். வரியை எடுத்தா பெட்டி எதுக்கு? இப்பவே கழட்டிடலாம். அட்டை இருக்கிற வரைக்கும்தான் அது கேள்விப் பெட்டி. இல்லன்னா வெறும் பெட்டி.”

டைரக்டர் பலகையை மூன்றாவது தடவையும் படித்தார். எடுக்கச் சொல்லவில்லை. பெருமூச்சு விட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. தலைவி வந்தார். எழுபது வயது இருக்கும், கைத்தடி, கூர்மையான மூக்கு. திரைக்கு முன்னால் ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் ஓரமாக ஸ்க்ரூடிரைவரோடு நின்றார், விழா முடிந்ததும் பெட்டியைக் கழற்ற. அக்கா தூணுக்குப் பின்னால் வாளியோடு.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். இருக்கிற மீன்களை எல்லாம் விட்டுவிட்டு, பொட்டு வைத்த தடித்த உதட்டுப் படத்தைத்தான் தொட்டார். டீச்சரின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது: “இவர்தான் பெரியம்மா. களவா இனத்தைச் சேர்ந்த பெண் மீன்.”

“தப்பு!” என்றது ஆறாம் வகுப்பு, ஒரே குரலில்.

காத்திருந்த நேரத்தில் அத்தனை பேரும் பலகையைப் படித்திருந்தார்கள்.

டைரக்டர் முகம் பெரியம்மா மாதிரி நிறம் மாறியது. தலைவி பிள்ளைகளைப் பார்த்தார், பலகைக்குப் போனார், தடியை ஊன்றி நின்று முழுதும் படித்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“திரையில பேசினது நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“இதை எழுதினதும் நீங்க?”

“ஆமாம்மா.”

“எதை நம்பறது?”

“எழுதினதை. திரையில பேசினது போன மாசத்து நான். உக்காந்த இடத்துல இருந்து பேசினேன்.”

“இதைக் கண்டுபிடிச்சது யாரு?”

டீச்சர் தூணைக் காட்டினார். ஓடி ஒளிய நேரமில்லாமல் அக்கா வாளியோடு வெளியே வந்தார். தலைவி கேட்கக் கேட்க முதலில் கூச்சமாகவும், பிறகு பேச்சு சூடுபிடித்துக் கையை ஆட்டியும் சொன்னார். பொந்தைப் பிடித்தது, கறுத்தது, நடுங்கியது. அந்த நடுக்கத்தை நடித்துக்கூடக் காட்டினார். ஆறாம் வகுப்பு அவரைச் சுற்றிக்கொண்டது. திரை பின்னால் தன்பாட்டுக்கு ‘அடுத்த மீனைத் தொடவும்’ என்று டீச்சர் குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தது.

“அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பான்னு எங்க வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க” என்றார் தலைவி. “நிஜமாவே முளைக்கும்னு எழுபது வருஷம் யாரும் சொல்லல.”

டைரக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார், சிரிப்பை அடக்க.

தலைவி பெட்டிக்குப் பக்கத்தில் போய் ஓர் அட்டையை எடுத்தார். பென்சிலை இழுத்தார். “முனை உடைஞ்சிருக்கே. எனக்கு ஒரு கேள்வி இருக்கு. யாராவது சீவிக் குடுங்க.”

டைரக்டரே போய் ஷார்ப்னர் வாங்கி வந்து சீவிக் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் அவர் காதோரம் குனிந்தார். “சார், இப்போ கழட்டவா?”

“இருப்பா, அம்மா எழுதட்டும்.”

“எழுதின பிறகு?”

டைரக்டர் பெட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், ஆறாம் வகுப்பு அட்டைக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்தார். “எழுதின பிறகு... பென்சிலுக்கு நல்ல கயிறா ஒண்ணு கட்டு.”

திரையும் இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது. கழிவறை எங்கே, கடை எங்கே என்பதற்குத் திரைதான் வசதி. பெயர்ப்பலகையை மாற்றும் பேச்சு இன்னும் முடியவில்லை. ‘பெரியப்பா (முன்னாள் பெரியம்மா)’ என்று டீச்சர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அச்சகத்துக்காரர் இரண்டு தடவை போன் செய்து கேட்டார்.

திங்கட்கிழமை பெட்டியில் நூற்றுப்பதினோரு அட்டை. தலைவியின் அட்டை அடியில் இருந்தது: ‘மாறினது அதுக்குத் தெரியுமா?’ வகுப்பு என்ற இடத்தில் ‘முடித்து ஐம்பது வருடம்’. டீச்சர் பேனாவைத் திறந்து, மூடிவிட்டார். இதற்கு எப்படிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது?

அதற்கு மேலே கோணல் எழுத்தில் ஒன்று. இந்த முறை பெயர் கோட்டில் ‘கண்ணா’ என்று எழுதியிருந்தது.

‘களவா எல்லாம் முதல்ல பொண்ணுன்னு சொன்னீங்க. அப்போ ஜமீனும் ஒரு காலத்துல ஒரு பெரியம்மாதானே? அப்படின்னா இந்த நாலுல அடுத்தது யாரு?’

டீச்சர் அட்டையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஜமீனை இத்தனை வருடம் பார்த்தவர். ஒரு நாள்கூட அப்படித் தோன்றவில்லை. கடிகாரம் ஏழு நாற்பது காட்டியது. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஆறாம் தொட்டியில் இன்னும் விளக்கு எரியவில்லை. இரண்டு ஸ்டூலும் போட்டிருந்தது.

“யாருன்னு நினைக்கிறீங்க அக்கா?”

“வால் கீறல்னு எனக்குத் தோணுது” என்றார் அக்கா. “ஆனா பயந்தாங்கொள்ளியை நம்ப முடியாது. பேசாம பாருங்க.”